ரெசிஃபே கோட்டையும் நம் பழவேற்காடும்

 கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன மாதம், கப்பலில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பினார். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் ரெசிஃபே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு பழைய கோட்டை. "சார், இதை முதல்ல கட்டினது டச்சுக்காரனாம். இப்போ மியூசியமா வெச்சிருக்காங்க. நம்ம ஊர்க் கோட்டை எங்கே சார் இருந்துச்சு?" என்று கேட்டிருந்தார். தோணிரேவில் என்னிடம் படித்தவர். கேள்வி சுருக்கென்று தைத்தது. அதை அவருக்கு அன்றைக்கே காட்டியிருக்க வேண்டியவன் நான்.

பள்ளியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனால் ஒருநாள்கூட பிள்ளைகளை அழைத்துப் போனதில்லை. கல்லறைக்குக் கூட்டிப் போனால் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம், பாடப்புத்தகத்தில் இல்லையே என்று ஒரு சாக்கு. பிளாசிப் போர் 1757 என்று நூறு தடவை எழுதவைத்தேன். எங்கேயோ இருக்கிற பிளாசி!

சரி, இப்போதாவது போவோம் என்று கிளம்பினேன். ஆட்டோ ஓட்டும் இன்னொரு மாணவர் அழைத்துப் போனார். காசு வாங்க மாட்டேன் என்றார், டீ வாங்கித் தந்தேன்.

கோட்டை என்று சொன்னால் ஏமாந்து போவீர்கள். சுவர் இல்லை. சீமைக்கருவேல முள்ளும் மேடும் பள்ளமும்தான். சுற்றி ஓடிய அகழியின் தடம் மட்டும் இன்னும் தெரிகிறது. ஆட்டோக்காரர் சிரித்தார். "இந்தப் பள்ளத்துலதான் சார் நண்டு புடிப்போம். ஸ்கூலுக்கு வரலைன்னு அதுக்குத்தான் உங்ககிட்ட அடி வாங்கினேன்." நான் ஒன்றும் பேசவில்லை. வரலாற்றுக்குள் நின்று நண்டு பிடித்தவனை, வரலாறு படிக்க வரவில்லை என்று அடித்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி காலத்தில், 1610இல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வியாபாரத்துக்கு அனுமதி பெற்றது. 1612இல் போர்ச்சுகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். 1613இல் கோட்டை எழும்பியது. தலைமை அதிகாரி வான் பெர்கெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து என்பதால் கெல்ட்ரியா என்று பெயர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகரம் பழவேற்காடுதான்.

இங்கிருந்து போன பெரிய சரக்கு துணி. இங்கே துணி வாங்கி, கிழக்குத் தீவுகளில் அதைக் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்குவார்கள். மலேசியாவில் இருக்கும் உறவினர்கள் சொல்லுங்கள், கட்டம் போட்ட கைலிக்கு அங்கே 'பெலெகாட்' என்றுதானே பெயர்? அது நம் ஊர்ப் பெயர்.

இன்னொரு சரக்கும் போனது. மனிதர்கள்.

டச்சுக்காரர்கள் 1619இல் ஜாவாவில் பத்தாவியா நகரை உண்டாக்கினார்கள். இன்றைய ஜகார்த்தா. 1621இல் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களைக் கொன்றும் விரட்டியும் தீவையே காலி செய்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். அதே காலத்தில் நம் கரையில் மழை பொய்த்துப் பஞ்சம். வயிற்றுக்கு இல்லாதவர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலான துறைகளிலிருந்து ஏறக்குறைய 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பதால் ஓரளவு சுத்தமாக இருக்கிறது. வாசல் வளைவில் 1656 என்ற ஆண்டு. இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்களில் குடும்பச் சின்னம், கப்பல், பூவேலை, பெயர், பிறந்த ஊர், இறந்த நாள். முந்நூறு ஆண்டுக்கு மேல் உப்புக்காற்று பட்டும் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. செதுக்கியவன் கையைக் கும்பிடலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பிரசவத்தில் போனவர்களும் சிறு குழந்தைகளும்கூட இப்படி அயல்மண்ணில் கிடந்திருப்பார்கள், பாவம்.

ஆனால் அந்த 1,900 பேரில் ஒருவருக்கும் இங்கே ஒரு கல் இல்லை. பெயரும் இல்லை. நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். 'ரேவு' என்றால் தெலுங்கில் துறை. தோணிகள் வந்து அணையும் துறை. இந்த ஏரிக்கரையில் இப்படி எத்தனை துறைகள்! அவர்களை எந்தத் துறையில் தோணியேற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள் என்று காட்ட ஒரு பலகையாவது வேண்டாமா?

ரெசிஃபே கதையும் இதேதான். 1630இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அந்த ஊரைப் பிடித்தது. இங்கே துணி, அங்கே சர்க்கரை. கரும்பு ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1654இல் போர்ச்சுகீசியரிடம் தோற்று வெளியேறினார்கள். அந்த ஐந்து முனைக் கோட்டையைப் பின்னால் போர்ச்சுகீசியர் திருத்திக் கட்டினார்கள். இன்று அது அந்த நகரத்தின் அருங்காட்சியகம். அவ்வளவு தூரம் போவானேன், நம் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறதே. பழவேற்காட்டை 1825இல் டச்சுக்காரர் ஆங்கிலேயரிடம் கடைசியாக ஒப்படைத்தார்கள். கோட்டையை ஆங்கிலேயர் அதற்கு முன்பே தகர்த்துவிட்டார்கள். அதனால் இங்கே கட்டடமும் இல்லை, கதை சொல்ல ஆளும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகளோடு போவோம். நான் கூட வருகிறேன். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் சின்னஞ்சிறு ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன, அதையும் பார்த்துவிடலாம். ஆட்டோக்காரர் அகழியைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே வாத்தியார் அவர்தான்.