வாராக்கடனும் வழக்குரைஞரும்: தில்லியின் ஒரு சட்ட வரலாறு

தமிழில் 'கடன்' என்னும் சொல் கடமையையும் குறிக்கும். திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். வங்கித்துறை அதிலிருந்து 'வாராக்கடன்' என்னும் தொடரை ஆக்கிக்கொண்டது. 'வாரா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அத்தொடரில் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை; கடன் தானாகவே வராமற்போனது போன்ற தோற்றம். மறைந்துபோன அந்த இருவரையும் மீண்டும் எதிரெதிரே நிறுத்துவதுதான் கடன் கொடுத்தோர் தரப்பு வழக்குரைஞரின் தொழில். அத்தொழில் இன்றைய வடிவத்தைப் பெற்ற வரலாற்றில் தில்லிக்குத் தனியிடம் உண்டு.

1993க்கு முன் வங்கிகளும் பிறரைப் போலவே உரிமையியல் நீதிமன்றங்களில் காத்திருந்தன. 1990 செப்டம்பர் 30 நிலவரப்படி பொதுத்துறை வங்கிகள் தொடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. சிக்கிய தொகை 5,622 கோடி ரூபாய்க்கும் அதிகம். 1981இல் திவாரி குழுவும் 1991இல் நரசிம்மம் குழுவும் தனித் தீர்ப்பாயங்களைப் பரிந்துரைத்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வங்கிக் கடன்களுக்கெனக் கடன் வசூல் தீர்ப்பாயங்களை அமைத்தது.

அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்களுள் தில்லி உயர் நீதிமன்ற வழக்குரைஞர் சங்கமும் ஒன்று. இதில் தொழில் நலன் இல்லாமலில்லை. தில்லி உயர் நீதிமன்றம் பெருந்தொகை உரிமையியல் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரம் உடையது; அவ்வழக்குகள் கைவிட்டுப் போயின. ஆயினும் எழுப்பிய கேள்வி மெய்யானது. வங்கி வழக்குத் தொடுக்கலாம். வங்கியால் தமக்கு நேர்ந்த இழப்பைக் கடனாளி எதிர்க்கோரிக்கையாக வைக்க அச்சட்டத்தில் வழி இல்லை. 1995இல் உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. பின்னர், 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எதிர்க்கோரிக்கைக்கு இடமளித்தது. 2002 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. தோற்றதாகத் தோன்றும் அவ்வழக்கு, திருத்தத்தின் வழியே பாதி வென்றிருந்தது.

அதே 2002இல் சர்ஃபேசி சட்டம் வந்தது. 60 நாள் அறிவிப்புக்குப் பின், நீதிமன்றம் செல்லாமலே பிணைச் சொத்தை வங்கி கைப்பற்றலாம். வாதுரையை விட அறிவிப்பின் வாசகம் முதன்மை பெற்றது. முறையிட விரும்பும் கடனாளி, கோரப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே கட்டவேண்டும் என்ற விதியை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கடனாளியின் மறுப்புரைக்கு வங்கி காரணத்துடன் விடை தரவேண்டும் என்றும் கூறியது. அவ்வாண்டே அது சட்டப்பிரிவாயிற்று.

இதன் உட்பொருளைக் கவனிக்கவேண்டும். கடனாளியின் குரலை முதலில் கேட்பவர் நீதிபதியல்லர், எதிர்த்தரப்பினரே. அவ்விடையைப் பெரும்பாலும் எழுதித்தருபவர் அவர்களுடைய வழக்குரைஞர். 2022இல், சொத்தைக் கைப்பற்ற மாஜிஸ்திரேட்டுகள் வழக்குரைஞரையே ஆணையராக அமர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின், பூட்டிய வாசலில் நிற்பவரும் ஒரு வழக்குரைஞராக இருக்கலாம். ஆனால் அங்கே அவர் வங்கியின் ஆளல்லர், நீதிமன்றத்தின் அலுவலர்.

இவ்வரலாற்றை விரைவின் வெற்றியாக மட்டும் எழுதுவது எளிது. சட்டம் விரைந்த ஒவ்வொரு முறையும், மறுதரப்பைக் கேட்பதற்கான இடத்தை எவரோ ஒருவர் வழக்காடித்தான் மீட்டிருக்கிறார். கடன் கொடுத்தவர்க்கு வாதாடுவோர்க்கும் அந்த இடத்தைக் காப்பது கடன்; சொல்லின் முதற்பொருளில்.