நமக்கும் நாடகத்துக்கும் என்ன தொடர்பு?

பொன்விழா மலருக்கு இளைஞர் பகுதியின் சார்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். நாடக வரலாற்றை எழுதுகிறோம் என்றோம். "நமக்கும் நாடகத்துக்கும் என்ன தம்பி தொடர்பு? கூத்தாடவா சங்கம் வைத்தோம்?" என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டது நியாயமே. பதில் சொல்ல, ஈப்போவை விட்டு முதலில் பினாங்குக்குப் போக வேண்டும்.

1870-களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. நாடகம் இந்துஸ்தானியில் நடந்தது. மொழி புரியாதவர்களும் பாட்டுக்காகவும் ஜிகினா உடைக்காகவும் வண்ணத் திரைகளுக்காகவும் கூடினார்கள். 1885-ஆம் ஆண்டு வாக்கில் மாமாக் புஷி என்று அறியப்பட்ட பினாங்குச் செல்வந்தர் ஒருவர் தம் பணத்தில் ஒரு குழுவை அமைத்தார். பாணி அதேதான், மொழி மட்டும் மலாய். ‘பங்சாவான்’ என்ற மலாய் இசை நாடகம் இப்படித்தான் இந்த மண்ணில் வேரூன்றியது. ஹார்மோனியமும் தபலாவும் ஒலிக்க, லைலா மஜ்னு, அலாவுதீன் போன்ற கதைகளை நடித்தார்கள். ஈயத்தால் பணம் புழங்கிய பேராக் நகரங்களிலும் பங்சாவான் குழுக்களுக்கு ஆதரவு இருந்தது. நாம் ‘மாமாக்’ என்று அழைக்கப்படும் இந்த நாட்டில், மலாய் மேடையின் தொடக்கத்திலேயே அந்த அடைமொழி இருக்கிறது.

தமிழிலும் நம் சமூகத்துக்கு நாடகம் புதிதல்ல. அலிபாதுஷா நாடகம், அப்பாஸ் நாடகம் ஆகியவை முஸ்லிம் கதைகளைச் சொன்ன பழைய தமிழ் நாடகங்கள்.

இனி ரப்பர் தோட்டத்துக்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் பேராக் முழுதும் தோட்டங்கள் பெருகின. நம்மவர்கள் பலர் தோட்டத்தை ஒட்டிக் கடை வைத்தார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம் வெட்டு, மதியத்தோடு பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் மாலை சொந்த நேரம். லயத்தில் எல்லாரும் பக்கத்து வீடு. ஒத்திகைக்கு இதைவிட வசதி வேறில்லை. திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. ஊரடங்கு போட்ட இடங்களில் இராக்கூத்து எப்படி நடக்கும்? அதே காலத்தில்தான் இன்னொரு மாற்றமும் வந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணியின் முயற்சியில் 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடுவதே அதன் நோக்கம். குடி, கல்வி, சிக்கனம் பற்றிய சிறு நாடகங்களை எழுதி நடிக்க இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட மேடைகள் இடம் கொடுத்தன. புராணம் தெரியாத பிள்ளையும் அதில் நடிக்கலாம். கடைக்கார பாயின் மகனும் நடிக்கலாம்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969-இல் வேலை பெர்மிட் நெருக்கடியில் குடியுரிமை இல்லாத பலர் தமிழகம் திரும்பினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்தார்கள். ஒருவருக்குப் பகல் ஷிப்டு, ஒருவருக்கு இரவு ஷிப்டு. கடை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கோ இரவு பத்து மணிக்குத்தான் கதவு அடைக்க முடிகிறது. நடிக்கும் ஆசை போய்விடவில்லை. எல்லாரும் சேர்ந்து ஓய்வாக இருக்கும் மாலைதான் போய்விட்டது.

ஆக, ஓர் இளைஞர் நாடகக் குழு நிற்க மூன்று வேண்டும்: முதல், இடம், நேரம். முதலை அன்று வணிகர்கள் தந்தார்கள். ஈப்போ பாடாங் அருகே 1908-இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் ஷேக் ஆதம் என்ற வணிகரின் கொடைதானே. இடம் சங்கத்திடம் இருக்கிறது. குறைவது நேரம் ஒன்றுதான்.

அதை ஏன் தேட வேண்டும்? நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் மலாயில் பதில் வருகிறது. ஒரு பக்க வசனத்தை மனப்பாடம் செய்து, நூறு பேர் முன் உரக்கச் சொல்லிப் பழகிய பிள்ளை அந்த மொழியை எளிதில் விடாது. மார்க்க வரம்புக்குள், ஒழுக்கம் கெடாமல் இதைச் செய்ய முடியும் என்பது எங்கள் நம்பிக்கை.

இரண்டு வேண்டுகோள்கள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைச் சங்க மண்டபத்துக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய நாடக நோட்டீசோ, வேடமிட்ட அத்தாவின் புகைப்படமோ இருந்தால் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். நடித்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். அடுத்த மலரில் இந்த வரலாற்றை நம் குடும்பங்களின் பெயர்களோடு எழுத விரும்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.