சிராங்கூன் சாலைக் கடைவீடுகள்

கோயிலைச் சுற்றிக் கடைவீதி அமைவது தமிழகத்தின் பழைய ஊர்களில் நாம் காணும் மரபு. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலோ தொழில் முன்னே வந்தது. அத்தொழிலாளரின் வழிபாடு பின்னே கோயிலாக எழுந்தது. 1881இல் எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே அழைத்தனர். சுண்ணாம்புக் காளவாய்களில் உழைத்தோர் வாழ்ந்த கம்பம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வட்டாரத்தில் செங்கற்சூளைகள் புகைந்தன. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய நீரும் புல்லும் மாட்டு வாணிபத்தை வளர்த்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்களில் எருமை இன்றும் வாழ்கிறது. கால்நடை வணிகரான கல்கத்தா யூதர் பெலிலியோஸின் பெயரையும் ஒரு சாலை தாங்கி நிற்கிறது. மாவு ஆலைகள், எள் செக்குகள், அன்னாசி ஆலைகள், பிரம்புத் தொழில் ஆகியவையும் இங்கே செழித்தன. மிட்டாய் ஆலைகள் நடத்திய டான் டெங் நியாவின் 1900ஆம் ஆண்டு மாளிகை, இவ்வட்டாரம் பல இனத்தாரின் உழைப்பால் உருவானது என்பதற்குச் சான்று.

இத்தொழில்களை நம்பி எழுந்தவையே கடைவீடுகள். கீழே கடை, மேலே குடும்பம், நடுவே காற்றும் ஒளியும் தரும் முற்றம், முன்னே வெயிலும் மழையும் தாக்காத ஐந்தடி நடைபாதை என அமைந்த இக்கட்டடங்கள், வணிகத்தையும் வாழ்வையும் ஒரே கூரையின் கீழ் இணைத்தன.

காலம் மாறியது. மாட்டுப் பட்டிகளும் ஆலைகளும் அகன்றன. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தோரைக் காத்தது. ஆனால், குறைந்த வாடகையில் உரிமையாளர் பலர் பராமரிப்பைக் கைவிட, கட்டடங்கள் நலிந்தன. நகரச் சீரமைப்பில் பழைய வரிசைகள் பல இடிக்கப்பட்டன. இந்நிலையில், 1989 ஜூலை 7ஆம் நாள் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இயன்றவரை பழையதைத் தக்கவைத்தல், பொருத்தமுறப் புதுப்பித்தல், கவனத்துடன் பழுதுபார்த்தல் என்பன நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்த நெறிகள். அவற்றால் முகப்பும் மரச்சன்னலும் ஓட்டுக்கூரையும் பிழைத்தன.

எனினும், சட்டம் சுவரைக் காக்கும். சுவருக்குள் நடக்கும் தொழிலைக் காக்க அதற்கு வழியில்லை. வாடகைக் கட்டுப்பாடு 2001இல் முற்றாக நீக்கப்பட்டபின், சந்தை வாடகையைத் தாங்கும் கடையே நிலைக்க இயலும். பூக்கட்டுவோர், மசாலை அரைப்போர், பூசைப்பொருள் விற்போர் ஆகியோரின் சிறு வருவாய்க்கு அது பெருஞ்சுமை. அவர்கள் அகன்றால் எஞ்சுவது வண்ணம் பூசிய கூடு மட்டுமே.

இதில் ஆலயங்களுக்கும் பங்குண்டு. லிட்டில் இந்தியா ஆர்க்கேட் கடைவீடுகள் இந்து அறக்கட்டளை வாரியத்தின் உடைமையாக இருப்பது, அறநிலையமும் பழமையைப் பேணலாம் என்பதற்கு நற்சான்று. பக்தர்களுக்கும் ஒரு கடமையுண்டு. திருவிழாவுக்கு வேண்டிய மாலையும் கற்பூரமும் குத்துவிளக்கும் அந்த ஐந்தடிக் கடைகளிலேயே வாங்கப்படுமாயின், அவ்வணிகம் நிலைக்கும். வணிகம் நிலைத்தால் கட்டடமும் உயிர்பெற்று நிற்கும்.

சுண்ணாம்பு சுட்ட கைகள் அமைத்த கோயிலில் வழிபடும் நாம், அக்கைகள் வாழ்ந்த வீதியையும் காப்போமாக. அன்னையின் திருவருள் அதற்குத் துணைநிற்பதாகுக.