கறையான் தீண்டாத ஏடு

தில்லையில் பூட்டிக் கிடந்த அறையொன்றைத் திறக்கச் செய்து, புற்று மூடிய தேவார ஏடுகளைச் சோழ மன்னன் இராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் வெளிக்கொணர்ந்த கதையைத் திருமுறை கண்ட புராணம் விரித்துரைக்கிறது. அக்கதையில் கறையானுக்குக் கிடைத்த கீர்த்தி, அதன் பிற்பகுதியில் வரும் ஒரு பெண்மணிக்குக் கிடைக்கவில்லையே என்பது என் நெடுநாளைய மனக்குறை. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து, எஞ்சிய ஏடுகளை எடுத்து, மூவர் பாடல்களையும் ஏழு திருமுறைகளாக வகுத்த பின்னரும், அவற்றைப் பாடும் பண் இன்னதென்று அங்கிருந்தவர் எவருக்கும் புலப்படவில்லை. சொல் அகப்பட்டது, இசை அகப்படவில்லை. சம்பந்தரோடு ஊரூராகச் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில், எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த பெண்ணொருத்தி வந்து பாடிக்காட்டிய பிறகே பண்ணடைவு உண்டாயிற்று என்று அப்புராணமே சொல்லுகிறது. சம்பந்தர் காலத்திலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பத்தின் தொண்டையில் இருந்த பொருளைக் கறையான் என்ன செய்ய முடியும்?

புராணம் சொல்வதனைத்தையும் அப்படியே சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. சம்பந்தர் 16,000 பதிகங்களும், அப்பர் 49,000 பதிகங்களும், சுந்தரர் 38,000 பதிகங்களும் பாடினார்கள் என்ற கணக்கைப் பக்தியின் கணக்காகவே நான் கொள்ளுகிறேன். பாடல்கள் அடியோடு மறைந்துபோயின என்பதும் மிகையே. ஏனெனில் இராஜராஜனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, பல்லவ நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகிறது. ஆங்காங்கே, அவரவர் கோயிலுக்கு வேண்டிய அளவில், பாட்டு வாய்வழியாக வாழ்ந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வாழ்வுக்கு அரசன் இட்ட வேலியைக் காண வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படிக்க வேண்டும். திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக ஐம்பதின்மரை இராஜராஜன் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் செய்தான். இவர்களுள் ஒருவர் இறந்தாலும் வெளியூர் சென்றாலும் அவருடைய நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும்; அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும்; உறவினரே இல்லையெனில் மற்றப் பிடாரர்கள் கூடித் தகுந்தவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். பரம்பரையை மதித்துக்கொண்டே, பரம்பரை மாத்திரம் போதாது என்பதையும் கல்லில் பொறித்துவைத்த அந்த விவேகம் பெரிது. ஞாபகசக்தி பிறப்போடு வருவதன்று, அப்பியாசத்தால் வருவது. அப்பியாசத்துக்கோ மூன்று குறுணி நெல் வேண்டும்.

மனனம் செய்ய வேண்டிய பொருளின் அளவும் சாமானியமானதன்று. இன்றுள்ள தேவாரம் ஏறத்தாழ 796 பதிகங்கள். பாடல்களோ 8,200-க்கு மேல். இவற்றோடு திருவாசகமும் திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் பெரியபுராணமும் சேர்ந்தாலொழியச் சந்நிதியில் பஞ்சபுராணம் சொல்ல இயலாது. வார்த்தையை மட்டும் நெட்டுருப் போட்டால் தீர்ந்துவிடுமா? ஒரே பண்ணுக்குள் கட்டளை மாறும். தாளத்தோடு பண்ணாங்கமாகப் பாடுவது வேறு, தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடுவது வேறு. பகற்பண் இராப்பண் என்னும் வேளைப் பாகுபாடும் உண்டு. முதல் திருமுறையின் தொடக்கத்திலுள்ள 22 பதிகங்களும் நட்டபாடைப் பண்ணில் அமைந்தவை. செந்துருத்திக்கோ சுந்தரர் திருவாரூரில் பாடிய பதிகம் ஒன்றே ஒன்றுதான். முன்னதில் ஒரு பாட்டை மறந்தாலும் பண் பிழைத்துக்கொள்ளும். பின்னதை மறந்தால் ஒரு பண்ணே போய்விடும்.

ஆயினும் மறவாமைக்கு வேண்டிய உபாயத்தைப் பாடியவர்களே பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய மாலும் அயனும் வருவார்கள். பத்தாவதில் சமணரும் சாக்கியரும் வருவார்கள். பதினொன்றாவது, தம் பெயரும் பாடுவார் பெறும் பயனும் கூறும் திருக்கடைக்காப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயிலொன்றில் முதிய ஓதுவார் ஒருவர், ஏழாம் பாட்டின் இரண்டாம் அடியில் சொல் வராமல் நின்றதை ஒருமுறை கண்டேன். அவர் திகைக்கவில்லை. குழித்தாளத்தை மட்டும் விடாமல் தட்டி, பண்ணை வாய்க்குள்ளேயே முனகி, இரண்டு சுற்று முடிந்ததும் நேரே இராவணனுக்குத் தாவிவிட்டார். அங்கிருந்து கடைக்காப்பு வரையில் தங்குதடையில்லை. பிறகு பிராகாரத்தில் அவரிடம், “ஐயா, அந்த ஏழாம் பாட்டை மட்டும் சொல்லுங்கள்” என்றேன். “தனியே கேட்டால் வராது, தம்பி; முதலிலிருந்து வந்தால்தான் வரும்” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முதற்பாட்டிலிருந்தே தொடங்கினார். ஏழாவது பிசகின்றி வந்தது.

இங்ஙனம் உருவேறிய நெஞ்சுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நாள்தோறும் பாடப்பெறுவதே நெஞ்சில் நிற்கும். அந்தந்தக் கோயில் ஓதுவாருக்கு அந்தந்தத் தலத்துப் பதிகம் மூச்சுப்போல் வரும்; தூரத்துத் தலத்துப் பதிகத்துக்கு ஏட்டின் துணை வேண்டியிருக்கும். பண்முறை என்றும் தலமுறை என்றும் திருமுறையை இருவகையாக அடைவு செய்து வைத்ததில், பாடுவோனுடைய வசதியும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம். திருவிடைவாய்க்குரிய சம்பந்தர் பதிகமோ ஏட்டிலும் ஏறாமல், எந்த ஓதுவாரின் வாயிலும் நில்லாமல் போயிற்று. அதை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்துதான் மீட்க நேர்ந்தது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணைப் பாராட்டும் வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்காலத்தில் தருமபுரம், திருவாவடுதுறை முதலிய ஆதீனங்கள் இந்தக் கல்வியைப் போற்றி வந்தன. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சியை மேற்கொண்டு, ஓதுவார்களின் பாட்டையே அதற்கு ஆதாரமாகக் கொண்டது. இச்செய்திகள் பலரும் அறிந்தவை.

அவ்வளவாக அறியப்படாதது விழுப்புரத்துக்கு அருகிலுள்ள திருவாமாத்தூர்க் கல்வெட்டு. அக்கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குச் சோழர் காலத்தில் அமர்த்தப்பட்டவர்கள் பதினாறு பேர். பதினாறு பேரும் கண்ணில்லாதவர்கள். ஏடு அவர்களுக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவர்களைக் கைபிடித்து அழைத்துவரக் கண்காட்டுவார் என்று இருவரை நியமித்து, அந்த இருவருடைய ஜீவனத்துக்கும் அக்கல்வெட்டே வழிசெய்திருக்கிறது.