படிவம் ஒன்றுக்கு மேல் ஒரு தமிழ் அலமாரி

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் கதைப்புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு தமிழில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்பது பேராவில் பழைய குறை. இலக்கிய விழா மேடைகளில் இதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். வீட்டில் பெற்றோர் படிப்பதில்லை. பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இந்த முறிவு ஏன் மிகச் சரியாகப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் நிகழ்கிறது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. பத்து வயதுப் பிள்ளை வீட்டிலும் அதே பெற்றோர்தான், அதே கைப்பேசிதான். பதிலைத் தேட வேண்டிய இடம் பள்ளிக்கூடத்தின் வரலாறு. பத்து காஜாவை எடுத்துக்கொண்டால் அந்த வரலாறு துலக்கமாகவே தெரிகிறது. தமிழ் வாசிப்பு இங்கே தானாகத் தேய்ந்து போகவில்லை. அது தொடர்வதற்கான இடத்தை இடைநிலைப்பள்ளி நூலகத்தில் யாரும் ஒதுக்கவில்லை.

பத்து காஜா வெள்ளைக்காரன் காலத்தில் கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைநகர். நீதிமன்றமும் சிறைச்சாலையும் மருத்துவமனையும் இங்கே இருந்தன. சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள், அவற்றுக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் தன் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததும் அரைகுறையாக நின்றுபோன மாளிகையை இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். அதைக் கட்டிய தமிழ்க் கூலிகள் கும்பிட்ட மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஊரில் கல்வி தொடக்கத்திலிருந்தே இரண்டு தடங்களில் ஓடியது. பட்டணத்தில் 1907-இல் அரசாங்க ஆங்கிலப்பள்ளி வந்தது. இன்றைய சுல்தான் யூசோப் இடைநிலைப்பள்ளி அதுதான். தோட்டத்துக்கோ 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி கொடுத்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது விதி. நடத்த வேண்டும் என்றதே தவிர எப்படி நடத்த வேண்டும் என்பதில் சட்டம் அவ்வளவாகத் தலையிடவில்லை. கொட்டகை ஒன்று, வாத்தியார் ஒருவர், சில இடங்களில் கணக்கெழுதத் தெரிந்த கங்காணியே வாத்தியார். பாடநூல்கள் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தன. அங்கே நூலகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனாலும் தோட்டத்தில் வாசிப்பு இருந்தது. பள்ளிக்கூடத்தை நம்பாமல் அது வளர்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1924-இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’, 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’. லயத்துக்கு ஒரு பத்திரிகை வந்தால் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் வேலை முடிந்த மாலையில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாடு நடந்தது; அத்தகைய கூட்டங்களுக்குப் பின்னால் வாசிக்கும் பழக்கமுள்ள சங்கங்கள் இருந்தன. போருக்குப் பிறகு, 1950-இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ பக்கங்களில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பெயருக்கேற்ப அது வகுப்பேதான்: பாடம் அச்சாகும், பயிற்சி கொடுக்கப்படும், வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இதைத் தாண்டிப் போவதில்லை. அதே பத்தாண்டில் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியது; அதிலிருந்து கிளைத்த மணிமன்றங்கள் ஊர் ஊராகப் பரவின. 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ‘சங்கமணி’யை வெளியிட்டது. இத்தனையிலும் பொதுவாக ஒன்று உண்டு. புத்தகத்துக்கும் படிப்பவனுக்கும் இடையில் ஓர் ஆள் நின்றார். எதைப் படிக்கலாம் என்று எடுத்துக் கொடுக்கவும், படித்ததைப் பற்றிப் பேசவும், எழுதினால் திருத்தவும் அவர் இருந்தார். இது தோட்டத்துத் தமிழர் மட்டும் கண்டுபிடித்த வழியல்ல. அவர்களில் பலருக்குச் சொந்த ஊரான தஞ்சை மாவட்டத்திலேயே 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது, எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். கிராமத்து வாசகன் நூலகத்தைத் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், புத்தகத்தோடு ஆளும் போனதுதான் அந்த வண்டியின் சிறப்பு.

இதே காலத்தில் இதே பேராவில் மற்ற மொழிகளுக்கு என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். தஞ்சோங் மாலிமில் 1922-இல் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1924-இல் அங்கே மொழிபெயர்ப்புப் பிரிவு அமைந்து, சாபா என்ற அறிஞரின் உழைப்பில் மலாய்ப் பள்ளிகளுக்கான நூல்கள் வரிசையாக வந்தன. 1956-இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற அரசு நிறுவனம் அந்தப் பணியை நாடு தழுவியதாக்கியது. அரசாங்கமே நூலை எழுதுவித்து, அச்சிட்டு, பள்ளி அலமாரி வரைக்கும் கொண்டு சேர்த்தது. சீனர்களுக்கு ஈப்போவில் யுக் சோய், ஷென் ஜாய், போய் லாம் போன்ற தனியார் உயர்நிலைப் பள்ளிகள் நிலைத்தன. பதினெட்டு வயது வரை சொந்த மொழியில் நூலகம் கிடைத்தது. தமிழுக்கு அரசின் பதிப்பகமும் வாய்க்கவில்லை, சமூகத்தின் உயர்நிலைப்பள்ளியும் வாய்க்கவில்லை. யார் மீதும் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலிக்கும் ஈப்போ சீன வணிகரின் கொடைக்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் தெரிந்ததே.

முறிவு சட்டமாகியது அதற்குப் பிறகு. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டின் கல்வி அமைப்புக்குள் ஏற்றுக்கொண்டன. ஆனால் தொடக்க நிலையோடு நிறுத்திக்கொண்டன. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, இடைநிலைப்பள்ளியின் பயிற்று மொழிக்குப் பழகிக்கொண்டு, பிறகு படிவம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. தமிழுக்கு மிஞ்சியது தாய்மொழி வகுப்பு: பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி நடத்த வேண்டும். இந்த விதிதான் தமிழை எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் உயிரோடு வைத்திருக்கிறது, அதன் அருமையைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் விதி வகுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது. பள்ளி முடிந்த பின்னும் சனிக்கிழமையிலும் வகுப்பு நடந்த காலங்களில், பிள்ளைகள் உள்ளே வரும்போது நூலகம் பூட்டியிருக்கும். அரசாங்க ஆங்கிலப்பள்ளிகளாகப் பிறந்த இடைநிலைப்பள்ளிகளில் நூலகம் ஆங்கில நூல்களால் நிரம்பியது இயல்பே. பயிற்று மொழி படிப்படியாக மாறி 1976-இல் படிவம் ஒன்றை எட்டி, 1980-இல் படிவம் ஐந்தை அடைந்தபோது, அலமாரிகளும் மலாய்க்கு மாறின. ஒரு முறை ஆங்கிலத்துக்காக, மறுமுறை மலாய்க்காக என்று நூலகம் இரண்டு தரம் அடுக்கப்பட்டது. இரண்டு தரமும் தமிழ் கணக்கில் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1998-இல் கல்வி அமைச்சு ‘நிலாம்’ வாசிப்புத் திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டு பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. தமிழ் வாசகன் இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் நூலகப் பொறுப்பாசிரியர் பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்பது இத்திட்டத்தால் கட்டாயமாயிற்று. பிறமொழி நூல்களையும் பதிவு செய்துகொள்ள இடம் விடப்பட்டது. பதிவேட்டைத் திறந்தால் நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, சில வரிச் சுருக்கம் என்று கட்டங்கள் இருக்கும். இன்று அதே கட்டங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. மொழிவாரிக் கணக்கில் மலாய்க்கு ஒரு வரிசை, ஆங்கிலத்துக்கு ஒரு வரிசை, மற்ற மொழிகளுக்கென்று ஒரு வரிசை. அந்த மூன்றாவது வரிசைதான் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளி நூலகத்தில் சட்டப்படி கிடைத்த முதல் இடம் என்று சொன்னால் மிகையாகாது. கேடு என்னவென்றால், கட்டம் வந்தது. கட்டத்தை நிரப்ப வேண்டிய புத்தகம் வரவில்லை. எண்ணிக்கைக்குப் பதக்கமும் சான்றிதழும் உண்டு என்றானதும் கெட்டிக்காரப் பிள்ளை எது எளிதில் கிடைக்கிறதோ அதைப் படித்து எண்ணிக்கையைக் கூட்டும். எளிதில் கிடைத்தவை மெலிந்த மலாய், ஆங்கிலக் கதைகள். தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். புத்தகமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சிரமமில்லை. தோட்டம் துண்டு போடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பட்டணத்து ஓரத்தில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளைக்குத்தான் பள்ளி நூலகம் தேவை. அவனுக்குத்தான் அது எதையும் வைக்கவில்லை.

எண்ணிக்கையாவது பழக்கத்தை உண்டாக்குகிறதே என்பார்கள். நியாயந்தான், ஓரளவுக்கு. நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு அடி எண்ணுவது உற்சாகம் தரும். ஆனால் பின்னட்டையைப் பார்த்தே சுருக்கம் எழுதிவிடலாம் என்பதை எந்தப் பள்ளி மாணவனும் ஒரே தவணையில் கண்டுபிடித்துவிடுகிறான். ‘கதை வகுப்பு’ வாசகர்களை எழுத்தாளர்களாக்கியதற்கு எண்ணிக்கை காரணமில்லை. எழுதி அனுப்பியதைப் படித்துப் பார்த்துக் குறை சொல்ல ஆள் இருந்ததே காரணம். 2000களின் நடுவில் அமைச்சு நூலக ஊடக ஆசிரியர் என்ற பொறுப்பை வலுப்படுத்தியது நல்ல காரியம். அந்த ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழில் எழுதிய சுருக்கத்தின் கீழே முத்திரை விழுமே ஒழிய பேச்சு நடக்காது. தமிழாசிரியரை நிலாம் பணியில் சேர்த்துக்கொள்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்துப் போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தேசிய இடைநிலைப்பள்ளி மலாய்மொழிப் பள்ளி, அதன் நூலகம் ஏன் தமிழைச் சுமக்க வேண்டும். தமிழில் உயர்நிலைப்பள்ளியே நடத்திய சிங்கப்பூரில் உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டதே, தமிழர்களே பிள்ளைகளை அனுப்பாததுதானே காரணம் என்று கேட்கலாம். உமறுப்புலவர் பள்ளியின் கதை உண்மை. ஆனால் அதன் பாடம் வேறு. பெற்றோர் கைவிட்டது தமிழைப் பயிற்று மொழியாக வைத்துக்கொள்வதை. பாடமாகத் தமிழை அவர்கள் விடவில்லை. பள்ளி மூடப்பட்ட பிறகும் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தமிழ் நூல்களை வாங்கி, தமிழ் தெரிந்த நூலகர்களை வைத்து வாசகர்களைக் கூட்டியது. பயிற்று மொழியும் நூலக மொழியும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு அது சான்று. தவிர, பள்ளி நூலகத்துக்கு அமைச்சு தரும் மானியம் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. அந்தத் தலைக்கணக்கில் தமிழ்ப் பிள்ளையும் உண்டு.

எனக்கு மிகக் கடினமாகப் படுவது கடைசி மறுப்பு: பதின்ம வயதுக்கேற்ற தமிழ் நூல் எங்கே இருக்கிறது? நரிக்கதைக்கும் மு.வ. நாவலுக்கும் நடுவில் பெரிய பள்ளம் கிடப்பது மெய்தான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பலவும் கோலக்கங்சாரைப் பார்த்திராத பிள்ளைக்காக எழுதப்பட்டவை. மலேசிய எழுத்தாளரோ தன் கைக்காசில் அச்சடித்து, வெளியீட்டு விழாவில் மொய் போல விற்று, மீதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்கிறார். பள்ளிக்கு நூல் விற்பவர் விலைப்பட்டியலோடு வரும் வணிகர். எழுத்தாளரின் நூறு பிரதிகள் அவர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் இந்தப் பள்ளம் தானாகத் தூர்ந்துவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. மலாய் நூல்கள் பெருகியது வாங்க ஆள் இருந்ததால், வாங்கியது பள்ளிக்கூடம். பேராவில் மட்டும் நூற்று முப்பதுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் இடைநிலைப்பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு தலைப்பில் இரண்டு பிரதி வாங்கினால்கூட, எழுதுகிறவர் பதினைந்து வயது வாசகனை நினைத்து எழுதத் துணிவார்.

பதினைந்து பெற்றோர் கையெழுத்திட்டால் தமிழ் வகுப்பு உண்டு என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். அதே பதினைந்து பேர் பத்து காஜா இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, இவ்வாண்டு நூலக மானியத்தில் தமிழ் நூல்களுக்கு எத்தனை வெள்ளி செலவானது, பிள்ளைகளின் தமிழ்ப் பதிவுகளைப் படித்துப் பார்க்கிறவர் யார் என்று இரண்டு கேள்விகள் கேட்கட்டும். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லட்டும். அடுத்த ஆண்டும் அதே கேள்விகளோடு வரட்டும்.