மேலிடம் மூடியது, பழைய மாணவர்கள் திறந்தார்கள்

போன ஞாயித்துக்கிழமை ராயபுரத்தில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் (பேர் வேண்டாமே) பழைய மாணவர் கூட்டம். மூணு வருஷத்தில் மூணு தலைமையாசிரியர்கள், நிர்வாகத்துக்குள் தகராறு, பத்தாவதுக்கு கணக்கு வாத்தியார் இல்லை. சீக்கிரம் மூடிடுவாங்கன்னு ஒரு வதந்தி வேற. துறைமுகத்தில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் ஒருத்தர், "மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டா நாம இன்னா தம்பி பண்றது?" என்று கேட்டார். அப்போ பதில் தோணலை. பஸ்ஸில் வரும்போதுதான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை ஞாபகம் வந்தது. கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்குங்க.

அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823-ல் டேனியல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி ஆரம்பமானது. பேர்தான் செமினரி. பைபிளோடு கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் உண்டு. அன்றைக்கு ஆசியாவிலேயே பேர் சொல்லும்படியான கல்விக்கூடங்களில் அதுவும் ஒன்று.

1850-களில் சிக்கல் வந்தது. முதல்வராக இருந்த சைரஸ் மில்ஸ் உடல்நிலை கெட்டு 1854-ல் அமெரிக்கா திரும்பினார். அடுத்த வருஷம் பாஸ்டன் தலைமையகத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். 1855-லேயே செமினரியை மூடிவிட்டார்கள்.

ஆண்டர்சனை வில்லன் ஆக்கிவிட முடியாது. காசு போட்டது போதகர்களை உருவாக்க. பையன்களோ ஆங்கிலம் படித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் போகிறார்கள், சொந்த ஜனங்களை விட்டு விலகுகிறார்கள். மிஷன் படிப்பு தாய்மொழியில்தான் இருக்கணும் என்பது அவர் கட்சி. தமிழில் படிக்கணும் என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னதற்கு நாம கைதட்டத்தான் வேண்டும், இல்லையா?

ஆனால் வேடிக்கையைப் பாருங்க. அதே செமினரியில் படித்தவர்தான் சி.வை. தாமோதரம் பிள்ளை. சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி'க்கு ஆசிரியராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ரெண்டே பேர்: இவரும், அதே செமினரியின் கறல் விசுவநாத பிள்ளையும். பின்னால் 1887-ல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவரும் இதே தாமோதரம் பிள்ளைதான். ஆங்கிலப் படிப்பு ஆளைத் தமிழிலிருந்து பிரித்துவிடும் என்ற கணக்கு இவர் விஷயத்தில் எடுபடவில்லை.

சரி, மூடினதும் ஊர் என்ன செய்தது? ராபர்ட் பிரெக்கன்ரிட்ஜ் என்ற பழைய மாணவர் (பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, தமிழர்தான், மிஷன் வைத்த பேர்) 1856-லேயே வட்டுக்கோட்டையில் ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். பெரிய அறிவிப்பெல்லாம் கிடையாது, பாடம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். 1867-ல் பழைய மாணவர்கள் கூடி, எங்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். உள்ளூரில் பணம் திரட்டினார்கள், அமெரிக்காவிலும் ஆதரவு தேடினார்கள். 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. முதல் முதல்வர் ஈ.பி. ஹேஸ்டிங்ஸ், செமினரியில் ஏற்கனவே பணியாற்றிய அமெரிக்க மிஷனரி. ஆக, மிஷனோடு சண்டை போட்டுப் பிரியவில்லை. 'இது எங்கள் பள்ளிக்கூடமும்தான்' என்று உரிமையோடு போய் நின்றிருக்கிறார்கள்.

மூடினதுக்கும் திறந்ததுக்கும் நடுவே 17 வருஷம். எனக்குப் பெரிசாகப் படுவது 1872 இல்லை, 1856தான். அந்த ஒரு வருஷம் சும்மா இருந்திருந்தால் மிச்சக் கதை நடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, நீ இன்ஜினியராச்சே, கணக்கு வருமில்ல?" என்றார்.

மாட்டிக்கிட்டேன் :-) நிர்வாகம் சரி என்றால், வர்ற சனிக்கிழமையிலிருந்து பத்தாவது பசங்களுக்கு நான்தான் கணக்கு வாத்தியார்.

கொசுறு: ஊர் திரும்பிய சைரஸ் மில்ஸும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரி என்று பின்னாளில் பேர் வாங்கிய பெண்கள் கல்லூரியை மனைவி சூசனோடு சேர்ந்து வளர்த்தவர் அவர்தான்.