அனுப்புநர் யார்?

பாடசாலையில் கடிதம் எழுதப் பழக்கும்போது முதலில் "அனுப்புநர்" என்று எழுதச் சொல்கிறோம். அந்த வரியின் பெறுமதி 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களுக்குத் தெரியும். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று எழுதியவர்கள் புத்தளத்து அகதி முகாம்களின் பெயரை எழுத வேண்டி வந்தது.

மின்னஞ்சலிலும் அதே வரி உண்டு. 1971இல் ரே டொம்லின்சன் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் @ குறியால் இணைத்தார். 1982 ஓகஸ்டில் ஜொன் போஸ்டல், மின்னஞ்சல் அனுப்பும் விதிகளை எழுதினார். அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புநர் முகவரி உண்மைதானா என்று சோதிக்க அந்த விதிகளில் வழி இருக்கவில்லை. கடித உறையில் யாருடைய முகவரியை எழுதினாலும் தபாற்கந்தோர் ஏற்றுக்கொள்வது போலத்தான். வீட்டுக் கணினியில் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவற்றை அமைக்கும்போதும் அந்தக் கட்டத்தை நாமே நிரப்புகிறோம்.

மோசடிக்காரர்கள் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். சோதனை முறைகள் பிந்தித்தான் வந்தன: 2006இல் எஸ்.பி.எஃப்., 2007இல் டிகிம், 2015இல் டிமார்க். 2024 பெப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின.

ஆகவே ஜிமெயில் முகவரியைப் போட்டால், வெளிச்செல்லும் சேவையகமாகவும் ஜிமெயிலையே கொடுங்கள். வேறு சேவையகம் வழியாகப் போனால் உங்கள் பிள்ளையின் வேலை விண்ணப்பம் ஸ்பாமில் விழலாம். வங்கியின் பெயரில் கடவுச்சொல் கேட்டு அஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள்; கிளைக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.